பேச்சு இருக்கும் இடம்

பழைய கார் வாங்கி விற்பது என் தொழில். கேரளத்தின் தென்கோடி எல்லையில் இருக்கிற பாறசாலையில் இந்தத் தொழில் செய்கிறவன் யாரையும் நம்பி உருப்பட முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கத்து எண்ணோடு ஒரு வண்டி வரும், இந்தப் பக்கத்து எண்ணோடு ஒன்று போகும். ஓடின கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவார்கள். வெள்ளத்தில் முங்கின வண்டிக்குப் புது சீட் உறை போட்டு, ஊதுபத்தி மணக்கக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். புதுப் பெயிண்டைக் கண்டால் நான் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பேன். அடியில் பட்டி பூசியிருந்தால் சத்தம் அமுங்கிக் கேட்கும்.

என் மனைவி இதற்கு நேர் எதிர். பெருங்கடவிளைப் பக்கம் ஒரு பால் சங்கத்தில் செயலாளர். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று காட்டுகிற மெஷின்தான் அவளுக்கு வேதவாக்கு. காலையில் பால் கொண்டுவருகிறவர்கள், கொழுப்பு குறைவாகக் காட்டுகிறது என்று சண்டைக்கு நிற்பார்கள். "மெஷினுக்கு ஆளைத் தெரியாதுல்லா மக்கா, பசுவுக்குப் பிண்ணாக்கு வை" என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடுவாள். அவளிடம் பேசி ஜெயித்த ஆளை நான் பார்த்ததில்லை. நானும் ஜெயித்ததில்லை.

அப்படி ஒருவரோடு வாதாடிக்கொண்டிருக்கும்போதுதான் ஒரு காலையில் அவள் பேச்சு நின்றது. வாய் ஒரு பக்கமாக இழுத்தது, கை வெட்டி வெட்டி இழுத்தது, விழுந்துவிட்டாள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்டுத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் எடுத்ததில் மூளையின் இடப் பக்கம் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. மெல்ல வளர்கிற வகை, ஆனாலும் எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். பேச்சுக்கான இடம் அதன் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறது. கட்டியோடு சேர்த்து அதையும் வெட்டிவிட்டால் அவள் அதோடு ஊமை.

ஆபரேஷன் செய்யப்போகிற சர்ஜன் ஒரு பெண். அதிகம் சிரிக்காதவர். மலையாளத்தில்தான் பேசினார். "பயப்படாதீங்க. பேச்சு எந்த இடத்தில் இருக்கு என்று முதலில் படம் எடுத்துப் பார்ப்போம். சாதாரண எம்.ஆர்.ஐ. இல்லை, இது வேறு வகை" என்றார்.

பேச்சை எப்படிப் படம் எடுப்பது? எனக்கு அங்கேயே உறுத்தியது. கேட்டேன். மூளையில் ஒரு இடம் வேலை செய்யும்போது அங்கே ரத்த ஓட்டம் கொஞ்சம் கூடும், அந்த வித்தியாசத்தை மெஷின் பிடித்துக்கொள்ளும் என்றார். ஆக, இவர்கள் பேச்சைப் படம் எடுக்கவில்லை. ரத்தத்தைப் படம் எடுத்துவிட்டு, பேச்சு இங்கேதான் இருக்கும் என்று ஊகிக்கிறார்கள். சைலன்சரில் வருகிற புகையைப் பார்த்துவிட்டு ஓட்டுகிறவன் யார் என்று சொல்வது போல எனக்குத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன்.

ஸ்கேன் நாளில், பெயர் பதிகிற இடத்தில் இருந்த பெண் தாய்மொழி எது என்று கேட்டாள். என் மனைவி கண்ணை இமைக்காமல் "மலையாளம்" என்றாள். எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் ஊரில் எந்த ஆபீஸில் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவோம். தமிழ் என்று சொன்னால், அப்போ நாகர்கோவிலா, மார்த்தாண்டமா, ரேஷன் கார்டு எங்கே என்று அடுத்த கேள்வி கிளம்பும். பள்ளிக்கூடம் மலையாளம், வேலை மலையாளம், வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் தமிழ். இதை விளக்கிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? அவள் சொன்னதை வைத்துப் பரிசோதனையை மலையாளத்தில் ஏற்பாடு செய்தார்கள்.

மெஷினுக்குள் அவள் உதட்டை அசைக்கக் கூடாது, தலை ஆடிவிடுமாம். கண்ணுக்கு நேரே ஒரு கண்ணாடி. அதில் ஒரு எழுத்து தெரியும். அந்த எழுத்தில் தொடங்குகிற வார்த்தைகளை மனசுக்குள்ளேயே சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு படம் தெரியும். அதன் பெயரை மனசுக்குள் சொல்ல வேண்டும். டெக்னீஷியன் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அவள் பால் சங்கத்தில் இருப்பது போலவே நிமிர்ந்து உட்கார்ந்து "ஓ, மனசிலாயி" என்றாள்.

எல்லாம் முடிந்து அவள் உடை மாற்றப் போயிருந்தபோது, கம்ப்யூட்டர் அறையின் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் அவள் மூளை. அதன் மேல் அங்கங்கே ஆரஞ்சுத் திட்டுகள். டெக்னீஷியன் மவுஸால் எதையோ இழுத்தார். திட்டுகள் விரிந்து பாதி மூளையை மூடின. திரும்ப இழுத்தார். சுருங்கிப் பொட்டாகிவிட்டன. நான் பார்த்த மீட்டர் திருப்புகிறவனும் இப்படித்தான் ஒரு பக்கம் இழுப்பான், மறு பக்கம் இழுப்பான்.

உள்ளே போய்விட்டேன். "இது என்ன, கூட்டவும் குறைக்கவும் செய்யலாமா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அளவைத் தாழ்த்தி வைத்தால் சும்மா வருகிற இரைச்சலும் கலராகத் தெரியும், ஏற்றி வைத்தால் உண்மையானதும் மறைந்துபோகும், நடுவில் ஒரு இடத்தில் நிறுத்த வேண்டும் என்றார்.

"நடுவில் எந்த இடம் என்று யார் சொல்வது?"

"பார்த்துத்தான் வைக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தை என் தூக்கத்தைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது.

சர்ஜன் அன்றைக்கே படத்தைக் காட்டி நல்ல செய்தி என்றார். பேச்சுத் திட்டுகள் கட்டியிலிருந்து விலகி இருக்கின்றன. கட்டியை முழுவதுமாக எடுத்துவிடலாம். நரம்புப் பாதைகளைக் காட்டுகிற இன்னொரு படமும் இருந்தது. பச்சையும் நீலமும் சிவப்புமாக நூல் நூலாக ஓடியது. அதிலும் அவருக்குத் தடை ஒன்றும் தெரியவில்லை. என் மனைவியின் முகம் தெளிந்தது. நான் மட்டும், இவ்வளவு கலர் அடித்திருக்கிறார்களே, அடியில் என்ன இருக்கிறதோ என்று உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில் பாலராமபுரம் சந்திப்பில் வழக்கம்போல வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. எங்கள் காருக்கு முன்னால் ஒரு டிப்பர், பின்னால் ஒரு பஸ். அவள் நல்ல மனநிலையில் இருந்தாள்.

"உள்ள கெடக்கும்போ நல்ல பேடி ஆயிப்போச்சு, ஒரே பயம், கேட்டியளா" என்றாள். "டக்குடக்குன்னு ஒரு சத்தம். சவப்பெட்டிக்குள்ள போட்டு மேல ஆணி அடிக்குத மாதிரி."

"பெறவு?"

"பெறவு என்ன, நான் வசனம் சொல்லிட்டு கெடந்தேன்."

"என்ன வசனம்?"

"சண்டே ஸ்கூல்ல படிச்சதாக்கும். ஒண்ணு முடிஞ்சா அடுத்தது. கடைசி வரைக்கும் சொன்னேன். அதுக்கப்பறம் பேடியே இல்ல."

"அவரு எழுத்து காட்டினாருல்லா? வார்த்தை நெனைக்கச் சொன்னாருல்லா?"

"முதல்ல கொஞ்சம் நெனச்சேன். அதுக்குமேல எங்க? எழுத்து அது பாட்டுக்கு வந்துட்டுப் போச்சு."

முன்னால் டிப்பர் நகர்ந்தது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை.

எங்கள் பழைய மிஷன் சபைகளில் பிள்ளைகளுக்கு பைபிள் வசனம் உருப்போடுவதில் போட்டி வைப்பார்கள். பள்ளியில் மலையாளம் எழுதுகிற பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தமிழில் கடகடவென்று ஒப்பிக்கும். என் மனைவி அதில் பரிசு வாங்கினவள். பால் காய்ச்சும்போதும் சொல்லுவாள், பஸ்ஸுக்கு ஓடும்போதும் சொல்லுவாள். யோசித்துச் சொல்வதில்லை, தானாக ஓடும். தாய்மொழி மலையாளம் என்று பொய் சொல்லிவிட்டு, மலையாள எழுத்தைப் பார்த்துக்கொண்டே, மனசுக்குள் தமிழ் வசனம் ஒப்பிப்பதை எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. அந்த ஒப்பிப்பைப் படம் எடுத்து, பேச்சு இங்கே இல்லை, தைரியமாக வெட்டலாம் என்கிறார்கள்!

"டாக்டர்கிட்டச் சொல்லணும்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. அவ்வளவு பெரிய டாக்டர்கிட்டப் போய், நான் சொன்னபடி செய்யல்லன்னு சொல்லுகதா? எனக்கு நாணக்கேடு. அதுதான் மெஷின் எடுத்துட்டுதே, அதுக்குத் தெரியாதா?"

"நீ வசனம் சொன்னியா வார்த்தை சொன்னியான்னு மெஷினுக்கு என்னட்டி தெரியும்?"

"உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான். கல்யாணத்தன்னைக்கு எனக்க தாலியையே உரசிப் பாத்த ஆளுல்லா." அது உண்மை இல்லை, தட்டான் கடையில்தான் உரசிப் பார்த்தேன்.

மறுநாள் ஒரு வண்டி பார்க்கப் போவதாக அவளிடம் சொல்லிவிட்டுத் தனியாக ரயில் ஏறினேன். சர்ஜனின் அறைக்கு வெளியே நெடுநேரம் காத்திருந்து உள்ளே போனேன். திட்டு வாங்குவோம் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கையில் இருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

"இதை யாரும் வந்து சொல்வதில்லை" என்றார். "உருப்போட்டதை ஒப்பிக்கும்போதும் வார்த்தையைத் தேடும்போதும் மூளை ஒரே மாதிரி வேலை செய்யாது. தேடவே இல்லை என்றால் அந்த இடம் படத்தில் சும்மா இருப்பது போலத் தெரியலாம்." பிறகு கேட்டார்: "வீட்டில் தமிழா?"

"என்னோடு சண்டை போடுவது முழுக்கத் தமிழில்தான்."

அவர் அப்போதும் சிரிக்கவில்லை. படத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஆனாலும் வந்தாள். இந்த முறை பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு பெண்ணை முன்னாலேயே அவளோடு உட்கார வைத்தார்கள். தமிழும் தெரிந்த பெண். ஒவ்வொரு படமாகக் காட்டி, வீட்டில் இதற்கு என்ன சொல்வீர்கள், சங்கத்தில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். பலாப்பழம் இரண்டு இடத்திலும் சக்கை. தேங்காய் இரண்டிலும் தேங்காய். இப்படிப் பாதிப் படங்களைத் தள்ளிவிட்டு, தமிழில் நாற்காலி, மலையாளத்தில் கசேரை; தமிழில் துடைப்பம், மலையாளத்தில் சூல் என்று தனித்தனியாக நிற்கிற பெயர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். பரிசோதனைக்கு முன் அந்தப் பெண், "அம்மா, பயமாக இருந்தால் கையிலிருக்கிற பட்டனை அழுத்துங்க, வசனம் மட்டும் வேண்டாம்" என்றாள். என் மனைவி என்னை முறைத்தாள்.

சர்ஜன் இரண்டாவது படத்தை எங்களுக்குக் காட்டினார். மலையாளத்துக்கான திட்டுகள் கட்டிக்குத் தூரத்திலேயே இருந்தன. தமிழுக்குப் பார்த்தால், கட்டியின் விளிம்பை ஒட்டி மங்கலாக ஒன்று இருந்தது. அவரே அளவை ஏற்றினார். அது காணாமல் போனது. இறக்கினார், திரும்ப வந்தது.

"இப்படி வைத்தால் இருக்கிறது, இப்படி வைத்தால் இல்லை" என்றார். "எது உண்மை என்று இந்தப் படத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. பக்கத்தில் கட்டி இருக்கும்போது ரத்த ஓட்டமே மாறியிருக்கும், அதனாலும் படம் ஏமாற்றும்."

இவ்வளவு நாளும் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அவரே படத்தைச் சந்தேகப்படுகிறார் என்றதும் எனக்குப் பிடிமானம் இல்லாமல் போய்விட்டது. பயந்துவிட்டேன். அதுவரை இருந்தது கோபம்தான், பயம் அப்போதுதான் வந்தது.

ஒரு வழி இருக்கிறது என்றார். மண்டையைத் திறந்தபின் அவளை விழிக்க வைத்துப் பேச வைப்பார்கள். மூளைக்கு வலி தெரியாதாம். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு இடத்திலும் மெல்லிய மின்சாரம் வைத்துத் தொடுவார்கள். தொடும்போது பேச்சு நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுவார்கள். "விட்டால் கட்டியில் கொஞ்சம் உள்ளேயே இருக்கும். நாளைக்கு அது வளரலாம். விடாமல் எடுத்தால் பேச்சு போகலாம், போனால் திரும்பி வரும் என்று உறுதி கிடையாது. நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள்."

நான் யோசிக்கவே இல்லை. "முழுசும் எடுத்துடுங்க" என்றேன்.

"நீங்க வாயத் தெறந்து மிண்டாம இருங்க" என்றாள் அவள். பிறகு சர்ஜனைப் பார்த்து மலையாளத்தில் தெளிவாகச் சொன்னாள்: என் பேச்சு எங்கே நிற்கிறதோ, அங்கே நீங்களும் நிறுத்துங்கள்.

வெளியே வராந்தாவில் வைத்துச் சண்டை போட்டோம். "வாய் போனா போட்டும், நீ இருந்தா போதும்" என்றேன்.

"ஆருக்குப் போதும்?" என்றாள்.



ஆபரேஷன் அன்று அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண்ணும் உள்ளே போனாள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் முகத்தையெல்லாம் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் கழிந்து சர்ஜன் வந்தார். தொப்பி அழுத்தின தடம் நெற்றியில் இருந்தது.

பெரும் பகுதியை எடுத்தாகிவிட்டது என்றார். விளிம்பில் ஓரிடத்தில் தொட்டபோது, நாற்காலிப் படத்தைப் பார்த்து மலையாளத்தில் கசேரை என்று சொன்னாள், தமிழில் வாய் திறந்தும் வார்த்தை வரவில்லை. கையை எடுத்ததும் வந்தது. திரும்பத் தொட்டார்கள். திரும்பவும் நின்றது. அங்கே நிறுத்திவிட்டார்.

"ஒரு சின்னத் துண்டு உள்ளே இருக்கிறது. இனி அதை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்."

"அப்போ ரெண்டாவது படம் சரியா?"

"இந்தத் தடவை சரி" என்றார்.

என் சந்தேகம் பலித்துவிட்டது. ஒரு வண்டியில் பட்டி பூசின இடத்தைக் கண்டுபிடித்தால் எனக்கு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருக்கும். அன்று கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் ரயில் ஏறிப் போய்ச் சொல்லாமல் இருந்திருந்தால் முதல் படத்தை நம்பி முழுவதும் எடுத்திருப்பார்கள். அவள் தமிழ் போயிருக்கும், கட்டியும் போயிருக்கும். இப்போது இரண்டும் இருக்கின்றன. நான் செய்தது அவளுக்கு நல்லதா கெட்டதா என்று எந்த மெஷினில் எடுத்துப் பார்ப்பது?

கீழே அவள் அண்ணன்மாரும் சபைக்காரர்களும் காத்திருந்தார்கள். என்ன ஆச்சு என்று ஒரே நேரத்தில் கேட்டார்கள். "முழுசும் எடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டேன். அப்படித்தான் வாயில் வந்தது. பிறகு போனில் கேட்டவர்களுக்கும் அதையே சொன்னேன். பாதி மயக்கத்தில் இருந்தவளுக்கு என்ன தெரிந்திருக்கும், கொஞ்சம் தேறட்டும், பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அவளுக்கு முதலில் தமிழ் தடங்கித் தடங்கி வந்தது. தண்ணி, போதும், வேண்டாம் என்று ஒவ்வொரு வார்த்தையாக வந்து சேர்ந்தது. நான் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சாயங்காலம் சபையிலிருந்து ஜெபிக்க வந்தார்கள். போதகர், கட்டியை மிச்சமில்லாமல் எடுத்துப்போட்டதற்காக ஸ்தோத்திரம் சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள். தலையில் துணி கட்டியிருந்த அவளும் ஆமென் என்றாள். சாயா குடித்துவிட்டு எல்லோரும் போனார்கள். நான் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தேன்.

"முழுசும் எடுத்தாச்சுன்னு எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கியளா?" என்றாள். மெதுவாகத்தான் பேசினாள். ஒரு வார்த்தை கூடத் தடங்கவில்லை.

"டாக்டர் அப்படித்தான்..."

"போதும், நிறுத்துங்கன்னு டாக்டர் சொன்னது எனக்குக் கேட்டுது. நான் முழிச்சாக்கும் கெடந்தேன்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் இருந்த நாற்காலியைச் சாய்க்கவும் இல்லை.

"ஊருகிட்ட என்ன வேணும்னாலும் சொல்லுங்க" என்றாள். "நான் இந்த வாயக் கேட்டு வாங்குனது உங்ககூடப் பேசத்தான். நீங்களே எங்கிட்டப் பொய் சொன்னா, நான் இத வச்சு ஆருகிட்டப் பேச?"